ஒரே ஒரு தரம்தான் கேட்டான்

வேண்டாம், தங்கச்சி. மிக்க நன்றி. நீங்கள் சாப்பிடுங்கள். எனக்கு ஒன்றும் வேண்டியதில்லை.

நீங்கள் இந்தியாப் பக்கம் என்பது பேச்சிலேயே தெரிகிறது. நீங்கள் ஆரஞ்சு என்கிறீர்கள், நாங்கள் தோடம்பழம் என்போம். நான் யாழ்ப்பாணத்தவள். எங்கள் ஊர்ப் பேச்சு உங்களுக்குப் பாதி விளங்காது என்பதால் எழுதுகிற தமிழிலேயே பேசுகிறேன். அதில் எனக்குச் சிரமம் இல்லை. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் படித்து, பிறகு கல்லூரியில் அதையே படிப்பித்தவள். ஒரு விஷயத்தைச் சுற்றி வளைக்காமல் சொல்வது தொழிலாகவே பழகிவிட்டது.

எங்கே போகிறேன் என்றா கேட்டீர்கள்? சண்டை போடப் போகிறேன்.

சிரிக்காதீர்கள். எழுபதை நெருங்குகிற ஒருத்தி இந்த மெல்பேர்ன் குளிரில் பஸ் ஏறிப் போய்ச் சண்டை போடுவாளா என்று நினைக்கிறீர்கள். போடுவாள். இந்த பஸ், ரயில் ஸ்டேஷனுக்குப் பின்தெருவில் திரும்பும்போது இடப்பக்கம் நீல யன்னல் வைத்த ஒரு கிரேக்க உணவகம் வரும். அங்கே இறங்குவேன். முதலாளியைக் கூப்பிடுவேன். உன் வெயிட்டருக்கு மனிதரைக் கவனிக்கத் தெரியாது, உனக்கு அவனைப் பழக்கத் தெரியாது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, ஒரு வாய் தண்ணீரும் குடிக்காமல் திரும்புவேன். இதையெல்லாம் இணையத்தில் எழுதி ஒற்றை நட்சத்திரம் போட்டால் போதும் என்கிறாள் என் மகள். முகம் காட்டாத இடத்தில் நட்சத்திரம் போடுவது கோழைகளின் வேலை. நான் நேராகப் பேசுகிறவள். மனதில் ஒன்று, வாயில் ஒன்று என்கிற பழக்கம் என்னிடம் கிடையாது.

நடந்ததைச் சொல்கிறேன். நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை என் பிறந்தநாள். என் மகள் ஆரபி முதற்சம்பளம் எடுத்த வருடத்திலிருந்து என் பிறந்தநாள் சாப்பாடு அந்த உணவகத்தில்தான். ஏன் கிரேக்க உணவகம் என்று கேட்பீர்கள். நானும் அதைத்தான் கேட்டேன். "பிறந்தநாளும் அதுவுமா உறைப்பில்லாத சாப்பாடோ?" என்று முதல் வருடம் வாசலில் நின்றே கேட்டேன். என் கணவருக்கு அப்போது இருதயம் சுகமில்லை. உறைப்பையும் தேங்காய்ப்பாலையும் வீட்டில் தள்ளிவைத்திருந்தோம். அவரும் சாப்பிடக்கூடிய இடமாக மகள் தேடிப் பிடித்தது அது. சாப்பாடு விசேஷம் என்று சொல்ல மாட்டேன். ஆட்டிறைச்சியை எலும்பு தானாகக் கழலும் வரைக்கும் அடுப்புக்குள் வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் எலுமிச்சம்புளி ஊறிய உருளைக்கிழங்கு. திராட்சை இலைக்குள் சோற்றை வைத்துச் சுருட்டி இன்னொன்று. எல்லாம் சரி, மிளகாய் என்று ஒன்று உலகத்தில் இருப்பதை அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

ஆனால் அந்த நாட்களில் அந்த இடத்தை நடத்தியவள் ஸ்தமாத்தியா. கிரியா ஸ்தமாத்தியா என்பார்கள். கிரியா என்றால் நாங்கள் மரியாதைக்கு அம்மா என்று சொல்வது போல. கறுப்பு உடுப்பு, தடித்த கைகள், அரைகுறை ஆங்கிலம். முதல் வருடம் சாப்பாடு முடிந்ததும் என் பக்கத்தில் வந்து நின்று, இனிப்பு கொண்டுவரட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். போனாள். திரும்பி வந்தாள். கொஞ்சம்? என்றாள். வேண்டாம், வயிறு நிறைந்துவிட்டது என்றேன். போனாள். அதற்குப் பிறகு கேட்கவே இல்லை. தட்டைக் கொண்டுவந்து எனக்கு முன்னால் வைத்து, ஒரு கையால் என் தோளை அழுத்திக்கொண்டு, "ஃபாயே!" என்றாள். சாப்பிடு என்று அர்த்தம். நான் முதல் வாயை விழுங்கும் வரைக்கும் அந்தக் கை தோளை விட்டு எடுபடவில்லை.

பாலும் ரவையும் முட்டையும் காய்ச்சி, மெல்லிய மாத்தாள்களுக்கு நடுவில் வைத்துச் சுட்டு, மேலே சீனிப்பாகு ஊற்றுகிற இனிப்பு அது. கலக்தோபூரெகோ. அந்தப் பெயரைப் பிழையில்லாமல் சொல்லவே எனக்கு இரண்டு பிறந்தநாள் பிடித்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு வருடமும் அதே கூத்து. அவள் கேட்பாள், நான் வேண்டாம் என்பேன். அவள் கேட்பாள், நான் வேண்டாம் என்பேன். பிறகு தட்டு வரும், கை வரும், ஃபாயே வரும். மூலைத்துண்டு எப்போதும் எனக்குத்தான். மூலையில்தான் மாத்தாள் நன்றாக முறுகியிருக்கும். என் கணவர் காலமான வருடம்கூட, நான் சாப்பிட மாட்டேன் என்று இருந்தபோது, அவள் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முள்ளுக்கரண்டியை என் கையில் திணித்தாள்.

அதற்குப் பெயர் உபசரிப்பு.

இப்போது அவளுக்கு இடுப்பில் சத்திரசிகிச்சை நடந்து வீட்டோடு இருக்கிறாள். மகன் தனாசி நடத்துகிறான். சுவருக்குச் சாம்பல் நிறம் அடித்துவிட்டான், மேசைவிரிப்பை எடுத்துவிட்டான். ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து சாப்பிடுவது போலிருக்கிறது. பரிமாற ஒரு தாடிக்காரனைப் பிடித்து வைத்திருக்கிறான். பெயர் டாரன் என்று சட்டையில் குத்தியிருந்தது. கையில் ஒரு டேப்லெட். அந்தக் கண்ணாடித் துண்டைப் பார்க்கிறானே ஒழிய, என் முகத்தைப் பார்க்கவில்லை.

ரொட்டி இன்னும் கொண்டுவரட்டுமா என்றான். வேண்டாம் என்றேன். கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். நான் இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன், தங்கச்சி! தட்டில் குழம்பு இருக்கிறது, தொட்டுக்கொள்ள ரொட்டி இல்லை. தண்ணீர் ஊற்றட்டுமா என்றான். வேண்டாம் என்றேன். போய்விட்டான். தாகத்தோடு இருந்தேன். கடைசியில் இனிப்பு என்றான். வேண்டாம் என்றேன். டேப்லெட்டில் விரலால் ஒரு தட்டு. முடிந்தது என் பிறந்தநாள். மற்ற மூன்று பேருக்கும் மூன்று துண்டு வந்தது. மூலைத்துண்டு என் பேத்தி கயலின் தட்டில் இருந்தது. எனக்கு முன்னால் வெறும் மேசை.

ஒரே ஒரு தரம். எதைக் கேட்டாலும் ஒரே ஒரு தரம்தான் கேட்டான்.

ஏன் வேண்டாம் என்று சொன்னேன் என்றா கேட்கிறீர்கள்? இது என்ன கேள்வி! நீங்கள் தமிழ்ப்பெண்தானே? கேட்ட உடனே ஓம், கொண்டுவா என்று கையை நீட்டுவதற்கு நான் என்ன சாப்பாடு காணாதவளா? முதல் தரம் யாரும் கேட்பார்கள், அது வாய்ப் பழக்கம். அதற்கு வேண்டாம் என்பது நம் மரியாதை. இரண்டாம் தரம் கேட்கும்போதுதான் கேட்கிறவருக்கு உண்மையாகவே கொடுக்க மனம் இருக்கிறதா என்பது தெரியும். என் கணவர் தேநீர் போட்டால், வேண்டாம் என்று நான் எத்தனை தரம் சொன்னாலும் எனக்கொரு கோப்பை மேசையில் இருக்கும். அவர் இருந்த வரைக்கும் நான் வாய்திறந்து 'வேண்டும்' என்று சொல்ல வேண்டிய நிலை ஒரு நாளும் வந்ததில்லை. 

நேராகப் பேசுவது வேறு, இது வேறு. இரண்டையும் குழப்பாதீர்கள்.

கயல் என்ன சொன்னாள் தெரியுமா? ஆறு வயது. வாயெல்லாம் பாகு. நான் அவளுடைய தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. "அம்மம்மா, நீங்கள் வேண்டாம் எண்டா வேண்டாம்தானே? டீச்சர் சொன்னவ, ஒராள் வேண்டாம் எண்டு சொன்னா திரும்பத் திரும்பக் கேட்கக் கூடாதாம். அது அவையின்ர உரிமையாம்." அதற்கு அவளுடைய தகப்பன் நிரூபன், "கெட்டிக்காரி" என்று தலையைத் தடவுகிறான். உரிமையாம்! தாகத்தோடு இருப்பதுதான் என் உரிமை.

ஒரு இனிப்புத் துண்டுக்கா இத்தனை கோபம் என்று உங்கள் முகம் கேட்கிறது. பொறுங்கள். நடுவில் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். உண்மையான அநியாயம் அங்கேதான் நடந்தது.

இறைச்சி வந்து பாதி சாப்பிட்டிருந்தோம். அப்போது ஆரபி சொல்கிறாள், நிரூபனுக்குப் பேர்த்தில் வேலை கிடைத்துவிட்டதாம். பேர்த் தெரியும்தானே, இந்தத் தேசத்தின் அந்தக் கரை. வருகிற சனிக்கிழமை வீட்டைக் காலிசெய்துகொண்டு போகிறார்கள். ஆரபி எனக்கு ஒரே பிள்ளை. எனக்கு இந்த ஊரில் அவர்களைத் தவிர யார்? பக்கத்து வீட்டுச் சீனத்தி காலையில் கையசைப்பாள். அவ்வளவுதான். நான் உருளைக்கிழங்கை வெட்டிக்கொண்டிருந்தேன். பிறகு ஆரபி முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "அம்மா, நீங்களும் எங்களோட வாங்கோவன்."

நான் என்ன சொல்வேன்? சொல்ல வேண்டியதைத்தான் சொன்னேன். "எனக்கென்ன, நான் இஞ்சையே இருப்பன். என்னைப் பற்றி யோசியாதேங்கோ."

அவள் என்னைப் பார்த்தாள். கண் கொஞ்சம் கலங்கியிருந்தது. எலுமிச்சம்புளி தெறித்திருக்க வேண்டும், அந்தத் தட்டில் புளி அதிகம். வாயைத் திறந்தாள். திறந்தாள், தங்கச்சி, நான் பார்த்தேன்! சத்தியமாக இரண்டாம் தரம் கேட்கத்தான் வாயைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்துத் தாடிக்காரன் எங்கள் இருவருக்கும் நடுவில் கையை நீட்டி, "இது முடிந்ததா?" என்றான். என் தட்டில் பாதி இறைச்சி இருக்கிறது. முடிந்தது என்றேன். வேறென்ன சொல்வேன், தாயும் மகளும் பேசுகிற நேரத்தில்? தட்டை எடுத்தான், அவளுடைய தட்டை எடுத்தான், கயல் கீழே போட்ட கரண்டியைக் குனிந்து எடுத்தான், நிரூபனிடம் கிரிக்கெட் பற்றி ஏதோ கேட்டான். அவன் நகர்ந்த பிறகு ஆரபி சொன்னது இவ்வளவுதான்: "சரி அம்மா. உங்களுக்கு எது விருப்பமோ."

அவன் மட்டும் அந்த நேரத்தில் வந்திராவிட்டால் அவள் கேட்டிருப்பாள். நிச்சயமாகக் கேட்டிருப்பாள். ஸ்தமாத்தியா அந்த இடத்தில் நின்றிருந்தால் ஒரு தாய் பேசும்போது நடுவில் கையை நீட்டியிருப்பாளா? என் தோளைப் பிடித்து அழுத்தி, "போ!" என்று கிரேக்கத்தில் சொல்லியிருப்பாள். ஒரு வெயிட்டருக்கு எப்போது வர வேண்டும் என்பதைவிட எப்போது வரக்கூடாது என்பது தெரிந்திருக்க வேண்டும். அதைச் சொல்லத்தான் போகிறேன்.

மகளை நானே கேட்டிருக்கலாமே என்கிறீர்களா? நானா? என்னையும் கூட்டிக்கொண்டு போ என்று பெற்ற பிள்ளையிடம் கையேந்துவதா? நல்ல நியாயம்.

அவள் மறுநாளாவது கேட்டிருக்கலாமே என்றால், அது வேறு கதை. அவளை நான் அப்படி வளர்க்கவில்லை. ஒன்றை ஒரு தரம் சொன்னால் விளங்கிக்கொள்ள வேண்டும், என்னை இரண்டாம் தரம் சொல்ல வைக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். பத்து வயதில் ஒருநாள், தோட்டத்துக்குப் போக வேண்டாம் என்று சொன்ன பிறகும் "உண்மையாவே வேண்டாமோ அம்மா?" என்று வந்து நின்றாள். "நான் மனதில ஒண்டு வைச்சு வாயால ஒண்டு சொல்லுறனானோ?" என்று கேட்டுக் கன்னத்தில் ஒன்று வைத்தேன். அதோடு அந்தப் பழக்கம் போய்விட்டது. இன்று வரைக்கும் என் சொல்லைத் திருப்பிக் கேட்டதில்லை. அந்த வகையில் அவள் நல்ல பிள்ளை. அவளை நான் குறை சொல்ல மாட்டேன். குறையெல்லாம் அந்தத் தாடிக்காரன் மேல்தான்.

பொறுங்கள், என்னுடைய போன். அவள்தான்.

"ஓம், சொல்லு பிள்ளை… பஸ்ஸில… சும்மாதான், ஒரு அலுவலா… எந்தக் கட்டில்?… ஓ… வந்து நிக்கிறாரோ… எனக்கென்னத்துக்கு அது? குடு… குடு எண்டுறன். என்னைப் பாராதை… சரி. சரி, வை."

பார்த்தீர்களா? வீட்டுச் சாமானை எல்லாம் ஆட்களுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். பின் அறைக் கட்டிலை எடுக்க ஒருவர் சாமான் ஏற்றுகிற வானோடு வந்து வாசலில் நிற்கிறாராம். "குடுக்கட்டோ அம்மா, இல்லாட்டி பேர்த்துக்கு ஏத்தட்டோ?" என்று கேட்கிறாள். நான் வெள்ளிக்கிழமைகளில் அங்கே போய்த் தங்கும்போது படுக்கிற கட்டில் அது. என் முழங்கால் மடங்காது என்று உயரமான கட்டிலாகக் கடைகடையாகத் தேடி அவள் வாங்கியது. குடு என்றேன். போனில் ஒரு நீண்ட மூச்சு. பிறகு, "சரி அம்மா." அதே சரி அம்மா! என் வயிற்றில் பிறந்தவள், பழகியது அந்தத் தாடிக்காரனிடம்.

என்ன சொல்கிறீர்கள்?

இல்லை, தங்கச்சி. அவள் கேட்டது கட்டிலைப் பற்றி. என்னைப் பற்றி எங்கே கேட்டாள்? கட்டிலை ஏற்றுவதா, கொடுப்பதா என்றுதான் கேட்டாள்.

என் கட்டில்தான். வேறு யாரும் அதில் படுப்பதில்லை. நிரூபனுக்கு அது நீளம் போதாது. கயலால் அதில் ஏற முடியாது.

பேர்த்தில் அவர்களுக்கு அந்தக் கட்டில் எதற்கு? அவர்கள் மூன்று பேர்…

நான் வரப்போவதில்லை என்று ஞாயிற்றுக்கிழமையே சொன்ன பிறகு, ஏற்றட்டுமா என்று ஏன் கேட்க வேண்டும் அவள்?

கொஞ்சம் பேசாமல் இருங்கள். யோசிக்க விடுங்கள்.

அது இரண்டாம் தரம் கேட்டது என்றா சொல்கிறீர்கள்? என் மகளா? கன்னத்தில் வாங்கியதிலிருந்து ஒன்றை இரண்டாம் தரம் கேட்காத பிள்ளையா? கட்டிலை முன்னால் விட்டுப் பின்னால் நின்று கேட்கிறாளா? இது என்ன சுற்றி வளைத்த பேச்சு! நேராகக் கேட்டால் என்ன? யாரிடம் பழகினாள் இப்படி? எனக்கு இதுதான் பிடிக்காதது. வேண்டியதை வாய்திறந்து சொல்லத் தெரியாத மனிதர்களோடு நான் எப்படிக் காலம் தள்ளுவது?

அய்யோ, நீல யன்னல் போகிறது. இல்லை, மணியை அடிக்காதீர்கள். விடுங்கள். அந்தத் தாடிக்காரன் எங்கே ஓடிவிடப் போகிறான்? அவனுக்கு இன்னொரு நாள் இருக்கிறது. பேர்த்திலிருந்து வந்தாவது அவனுக்குச் சொல்லாமல் விட மாட்டேன்.

இந்த பஸ் ஆரபியின் தெருமுனைக்கும் போகும். வான் வாசலில் நிற்கிறது என்றாள். கட்டிலைக் கழற்றாமல் தூக்க முடியாது, திருகாணிகள் இறுகியிருக்கும். நிரூபன் திருகாணிச் சாவியைத் தேடிக்கொண்டே அரைமணி நேரத்தைக் கடத்துவான், அவனுடைய கைவேலை எனக்குத் தெரியும்.

போனிலா? போனில் என்ன சொல்வது? நான் சொன்ன சொல்லை நானே மாற்றுவதா? அது நடக்காது. நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. நேரே பின் அறைக்குப் போவேன். அந்தக் கட்டிலில் உட்காருவேன். உட்கார்ந்த பிறகு எந்த வான்காரன் தூக்குகிறான் என்று பார்ப்போம். அம்மா, எழும்புங்கோ என்று ஆரபி சொன்னால், எழும்ப மாட்டேன். எத்தனை தரம் சொன்னாலும் எழும்ப மாட்டேன். அதிலிருந்து அவள் விளங்கிக்கொள்ளட்டும். இதைவிட நேராக ஒரு மனுஷி எப்படிப் பேச முடியும்?

நீங்கள் அடுத்த தரிப்பில் இறங்கவேண்டுமா? நல்லது. பேசிக்கொண்டு வந்ததில் வழி தெரியவில்லை. உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும், மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள், நான் நேராகப் பேசுகிறவள். அந்தத் தோடம்பழத்தை ஒரு தரம்தான் நீட்டினீர்கள். வேண்டாம் என்றதும் பைக்குள் வைத்துவிட்டீர்கள். நான் கவனித்தேன்.

அய்யய்யோ, வேண்டாம். நான் அதற்காகச் சொல்லவில்லை. உங்கள் பிள்ளைகளுக்கு வாங்கியிருப்பீர்கள், வையுங்கள்.

சரி, இவ்வளவு தூரம் கேட்கிறீர்கள்.

இரண்டு பழமாகத் தாருங்கள். பேத்தி இருக்கிற வீடு, வெறுங்கையோடு போகக் கூடாது.